ஜெமிலைக் கூப்பிட்ட குரல்

"பொம்மைப் புத்தகமா?" என்றாள் நெபாஹத். "என் தம்பி செத்த கதையைப் பொம்மைப் புத்தகமாப் போடப் போறியா நீ?"

அங்காராவில் ஃபெரிஹா ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. முந்தின நாள் பழைய வலதுசாரி ஒருவர், தன் மீசையை வரைந்த விதம் சரியில்லை என்று படத்தாளைத் தரையில் வீசியிருந்தார். அந்தக் காலத்தில் மீசையைப் பார்த்தே ஆளைச் சுட்டார்கள். மேலுதட்டை மூடி அடர்ந்திருந்தால் இடது. வாயின் இரண்டு ஓரத்திலும் தொங்கினால் வலது. "எனக்குப் போய் அவனுங்க மீசையை வச்சிருக்கியே, இதுக்கு என்னைச் சுட்டே போட்டிருக்கலாம்" என்று கத்தியவர், ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்க விடாமல் அனுப்பிவிட்டார்.

ஃபெரிஹா இஸ்தான்புல்லில் ஒரு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் சொல்லிக்கொடுப்பவள். ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில், தெருவுக்குத் தெரு இடதும் வலதுமாகப் பிரிந்து இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்களே, அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி முழுவதும். உயிரோடு இருந்தவர்களையும் செத்தவர்களின் வீட்டாரையும் தேடிப் போய்ப் பேசவைத்து, கட்டுரை கட்டுரையாக எழுதினாள். அவற்றை அவளைப் போன்ற பத்துப் பேர் படித்து, அடிக்குறிப்பில் திட்டிக்கொண்டார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கோ அந்த ஆண்டுகள் நடந்ததே தெரியவில்லை. அதனால்தான் படக்கதையாகப் போடுவது என்று முடிவு செய்தாள். கோராய் என்ற ஓவியனைப் பிடித்தாள். முப்பது வயதுகூட ஆகாதவன், நல்ல கைக்காரன், வாய் மட்டும் அடங்காது.

அச்சுக்குப் போகும் முன்னால் படங்களை உரியவர்களிடம் காட்டிவிட வேண்டும் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட விதி. அப்படித்தான் அந்தக் குளிர்காலக் காலையில், கராகயா குன்றின் மேல் நெபாஹத்தின் வீட்டு மேசையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"பொம்மை இல்லக்கா, படம்" என்றாள் ஃபெரிஹா. "நீங்க சொன்னதைத்தான் படமாப் போட்டிருக்கோம். தப்பு இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்."

"தப்பா? மேலே இருந்து கீழே வரைக்கும் தப்புதான்." நெபாஹத் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். படுத்திருப்பவனிடம் ஊசி எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லாதவள். "இந்த அடுப்பு எங்க அடுப்பு இல்ல. எங்க அடுப்புக்குக் கால் உடைஞ்சிருக்கும், கீழே செங்கல் முட்டுக் கொடுத்திருப்போம். ஜன்னலுக்கு ரெண்டு கதவு போட்டிருக்க. எங்களுக்கு ஏது ரெண்டு கதவு? இது யாரு, நானா? நான் என்ன இவ்வளவு குண்டாவா இருந்தேன்?"

"கம்பளிக் கோட்டு போட்டிருக்கீங்கக்கா, அதான்" என்றான் கோராய்.

"வீட்டுக்குள்ள எவடா கோட்டு போடுவா?"

"நிலக்கரி கிடைக்காத குளிர்காலம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

நெபாஹத் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த தாளை இழுத்தாள்.

அவள் சொன்ன கதை இதுதான். ஜெமிலுக்கு அப்போது பத்தொன்பது வயது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், இடதுசாரிக் கூட்டத்தில் ஒருவன். ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரம், வழக்கம் போல மின்சாரம் போய்விட்டது. தெருவிலிருந்து யாரோ, "ஜெமோ! கீழே வா, ஒரு விஷயம்" என்று கூப்பிட்டார்கள். ஜெமில் காலில் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் இறங்கிப் போனான். தெரு முனையில் சுட்டுவிட்டார்கள். ஜெமோ என்று அவனைக் கூப்பிடுகிற ஆள் யாகுப் ஒருவன்தான். யாகுப்பும் அதே கூட்டம்தான், ஆனால் அந்த வாரம்தான் இரண்டு பேரும் எதற்கோ முறைத்துக்கொண்டு கட்சிக்குள்ளேயே வேறு வேறு பக்கம் போயிருந்தார்கள். ராணுவம் வந்தபின் யாகுப்பைப் பிடித்தார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நெபாஹத் சாட்சிக் கூண்டில் ஏறி, கூப்பிட்டது யாகுப்பின் குரல்தான் என்று சத்தியம் செய்து சொன்னாள். யாகுப் எட்டு வருடம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது ஒரு காது கேட்காது, வாயில் பாதிப் பற்கள் இல்லை.

இதையெல்லாம் நெபாஹத் முதல் சந்திப்பிலேயே ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். அழவில்லை. "செஞ்சவன் அனுபவிச்சான்" என்று முடித்திருந்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று ஃபெரிஹாவுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மனிதர் தானாகவே இஸ்தான்புல் வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு ஜெமிலைக் கூப்பிட்டது நான்தான் என்று சொல்லியிருந்தார். பெயர், தொழில், ஊர், முகம் எதுவும் வெளியே வரக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு சொன்னார். ஃபெரிஹா வாக்குக் கொடுத்தாள். கட்டுரையில், 'பக்கத்துத் தெரு இளைஞன் ஒருவன் அவனைக் கூப்பிட்டான்' என்று எழுதினாள். அதை யாரும் கவனிக்கவில்லை. யாகுப்பை அதற்குப் பிறகும் பலமுறை பார்த்தாள். அவன் கடையில் உட்கார்ந்து டீ குடித்தாள். சொல்லவில்லை. வாக்கு வாக்குதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

படம் என்று வந்தபோதுதான் சிக்கல் வந்தது. "எழுத்துல 'ஒருத்தன்'னு எழுதிட்டுப் போயிடலாம் டீச்சர்" என்றான் கோராய். "நான் அந்த ஒருத்தனுக்கு ஏதாவது உடுத்திவிடணுமே. அம்மணமாவா நிக்க வைக்க முடியும்?" முதுகைக் காட்டி நிற்க வை, முகம் வேண்டாம் என்றாள் ஃபெரிஹா. என்ன உடை என்று அவன் கேட்டான். அந்த மனிதர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பழுப்பு நிற ஸ்வெட்டர், முதுகில் வெள்ளையில் கிடாக் கொம்புப் பின்னல். நல்லது, உயிரோட்டமாக இருக்கும் என்று அதையே சொன்னாள். கோராய் பிரமாதமாக வரைந்தான். இருட்டுத் தெரு, மேலே நிலா, ஜன்னலை அண்ணாந்து பார்த்து நிற்கும் முதுகு, அதில் பளிச்சென்று ஒரு ஜோடிக் கொம்பு.

நெபாஹத்தின் விரல் அந்தக் கட்டத்தில் வந்து நின்றது. நகரவில்லை.

சமையலறையில் டீ கொதித்துப் பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை.

"இந்த ஸ்வெட்டர் உனக்கு எங்கே கிடைச்சுது?"

"எது?"

"நடிக்காதே. இந்தக் கொம்பு."

ஏன் கேட்கிறாள் என்று ஃபெரிஹாவுக்கு முழுதாகப் புரிவதற்கு முன்பே பொய் வந்துவிட்டது. "அது சும்மா, படம் போடறவரோட கற்பனைக்கா."

கோராய் நிமிர்ந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. தன் வேலையைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். "இல்லையே டீச்சர்! கிடாக் கொம்புன்னு நீங்கதானே சொன்னீங்க. பழுப்புல வெள்ளைன்னு நிறம்கூடச் சொன்னீங்களே. நானா இதெல்லாம் கற்பனை பண்ணேன்?"

நெபாஹத் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எங்கம்மா பின்னினது அது. கொம்பை நேராப் போடத் தெரியாது எங்கம்மாவுக்கு. ஒண்ணு மேலே ஒண்ணு கீழேதான் வரும். நீ நேராப் போட்டிருக்க, பரவாயில்ல. இந்தக் குன்று முழுக்கப் பழுப்புல வெள்ளைக் கொம்பு ஒரே ஒரு பையன்தான் போட்டிருந்தான். தாய் இல்லாத பிள்ளைன்னு எங்கம்மா பாவப்பட்டுப் பின்னிக் கொடுத்தா." அவள் குரல் உயரவே இல்லை. "வெதாத்."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஃபெரிஹா சொல்லாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"அக்கா, நான் வாக்கு—"

"எப்போலேர்ந்துன்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷம்." நெபாஹத் அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்தாள். "போன ரமலானுக்கு என் வீட்டுல நோன்பு திறந்த. என் கையால சூப்பு குடிச்ச. அம்மா படத்தைப் பார்த்து அழுத. எல்லாம் தெரிஞ்சுகிட்டு."

"அவர் பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைக்கா. ஒருத்தர் நம்பிச் சொன்னதை—"

"உரிமை இல்லேன்னுட்டு வரைஞ்சு கொண்டுவந்து என் மேசையில வச்சிருக்கியே, அது என்ன? வேணும்னுதான் வச்ச. வாயால சொன்னா உன் உத்தியோகம் போயிடும். படம் சொல்லட்டும்னு விட்டுட்ட."

அப்படி இல்லை என்று ஃபெரிஹா சொல்ல நினைத்தாள். ஆனால் அப்படித்தானா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. எத்தனையோ தாள்களை ஓரம் கட்டியிருக்கிறாள். இந்தத் தாளை ஒரு தடவைகூட எடுத்துவிட நினைக்கவில்லை.

நெபாஹத் கோட்டை மாட்டி, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். படத்தாளை எடுத்து மடிக்காமல் கையில் பிடித்தாள்.

"எழுந்திரு. நீயும் வர்ற. அடேய், நீயும் வாடா."

வெதாத்தின் கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது, படச் சட்டம் போடுவது. குன்றில் பழைய வீடுகளை இடித்து உயரமான கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்ததால் வியாபாரம் நன்றாக ஓடியது. தொப்பை போட்ட, மழமழவென்று சவரம் செய்த மனிதர். நெபாஹத்தைப் பார்த்ததும், "வாங்கக்கா, உட்காருங்க, டீ சொல்றேன்" என்றார். பின்னால் ஃபெரிஹா வருவதைப் பார்த்தார். கையிலிருந்த வெட்டுக்கருவியைக் கீழே வைத்தார்.

நெபாஹத் படத்தாளை அவர் முன்னால் கண்ணாடித் தகட்டின் மேல் பரப்பினாள்.

வெதாத் வெகு நேரம் பார்த்தார். பிறகு நெபாஹத்தைப் பார்க்காமல் ஃபெரிஹாவைப் பார்த்தார். முகம் சாம்பலாகி, அப்புறம் ரத்தம் ஏறிச் சிவந்தது.

"நல்லா இருக்கு மேடம். ரொம்ப நல்லா இருக்கு. அன்னைக்குக் கரண்ட் இல்ல. என்னை ஒரு ஈ காக்கா பார்க்கல. ஊரே பார்க்காததை இன்னைக்கு நீங்க விளக்குப் போட்டுக் காட்டிட்டீங்க."

"ஸ்வெட்டரைப் பத்தி நீங்கதான் சொன்னீங்க" என்றாள் ஃபெரிஹா. அதைச் சொன்ன வினாடியே, எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று உறைத்தது.

"உங்ககிட்டச் சொன்னேன்! உங்ககிட்ட! தூக்கம் வராம, டாக்டர்கிட்டச் சொல்ற மாதிரி சொன்னேன். நீங்க அதுல நிலா வரைஞ்சிருக்கீங்க!"

"அவளை விடு" என்றாள் நெபாஹத். "என்கிட்டப் பேசு."

வெதாத் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்குப் பதினெட்டு வயசுக்கா. வலது பக்கத்துச் சங்கத்துல பெரிய பசங்க ரெண்டு பேர். கையை மட்டும் உடைக்கப் போறோம்னாங்க. எங்க குரலுக்கு இறங்கி வர மாட்டான், உனக்கு வருவான்னாங்க. சுடுவாங்கன்னு தெரியாது. அல்லா சாட்சி, தெரியாது."

"நீ அவனை ஜெமில்னுதான் கூப்பிடுவ. சின்ன வயசுலேர்ந்து ஜெமில்தான். நான் கேட்டது ஜெமோன்னு."

வெதாத் வெட்டுக்கருவியை எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

"உன்னைத்தான் கேட்கிறேன்."

"அப்படித்தான் கூப்பிடச் சொன்னாங்க" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி. "யாகுப் கூப்பிடற மாதிரியே. நான் நல்லா மிமிக்ரி பண்ணுவேன்க்கா. பள்ளிக்கூடத்துல எல்லார் குரலும் பேசிக் காட்டுவேன். உங்கம்மாகூடச் சிரிப்பாங்களே."

இது ஃபெரிஹாவுக்குப் புதிய செய்தி. இஸ்தான்புல்லில் தன் எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுத மனிதர், இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவள் அந்த வாக்குமூலத்தின் ஒலிப்பதிவை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பாள்! மாணவர்களுக்கு அதைப் பற்றிப் பாடம்கூட எடுத்திருந்தாள்.

"கூப்பிடு" என்றாள் நெபாஹத்.

"அக்கா..."

"அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை கூப்பிடு. கேட்கணும் நான்."

"வேண்டாம்க்கா. உங்க கால்ல விழறேன்."

"கால்ல விழறதெல்லாம் வேண்டாம். கூப்பிடு. இல்லேன்னா இந்தக் கடையில ஒரு கண்ணாடி மிஞ்சாது." அவள் பக்கத்தில் சாத்தியிருந்த கண்ணாடித் தகட்டின் விளிம்பைப் பிடித்துவிட்டாள். வெறும் மிரட்டல் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கோராய் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனான்.

வெதாத் தலையைக் குனிந்துகொண்டார். தொண்டையைச் செருமினார். பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய அந்தத் தொப்பைக்கார மனிதரின் வாயிலிருந்து, சற்றே மூக்கடைத்த, அவசரம் பிடித்த ஓர் இளைஞனின் குரல் வந்தது.

"ஜெமோ! கீழே வா, ஒரு விஷயம்!"

யாகுப்பேதான். அவன் கடையில் உட்கார்ந்து ஃபெரிஹா கேட்ட அதே குரல், முப்பது வயது குறைந்து.

நெபாஹத் கண்ணாடித் தகட்டை விட்டாள். உள்ளங்கையில் விளிம்பு கீறி ரத்தம் வந்திருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை, அல்லது நர்ஸாக இருந்தவளுக்கு அது ரத்தமாகவே தெரியவில்லை.

"எட்டு வருஷம்" என்றாள். "அந்த எட்டு வருஷமும் நீ எங்க வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விறகு பிளந்து போட்ட. பெருநாளைக்கு அம்மா கையில முத்தம் வச்ச. யாகுப்பை உள்ளே போட்டு அடிச்சிட்டிருந்தாங்க. நான் தினமும் 'நல்லா அடிங்க, நல்லா அடிங்க'ன்னு வேண்டிக்கிட்டேன். உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"த்தூ" என்று அவர் முகத்துக்கு நேராகத் துப்பிவிட்டு வெளியே நடந்தாள்.

யாகுப் சந்தைக்குப் பக்கத்தில் சாவி போடும் கடை வைத்திருந்தான். கடை என்று சொல்வதே அதிகம். ஓர் ஆள் நிற்கிற தகரக் கூண்டு. சிறைக்குப் போய் வந்தவனுக்கு அரசாங்க வேலை கிடையாது. தனியாரிடம் போனால் விசாரித்துவிட்டு வேண்டாம் என்பார்கள். அதனால் இந்தத் தொழில். நெபாஹத்தும் அவனும் இருபது வருடத்துக்கு மேல் இதே சந்தையில் காய்கறி வாங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாழ்ந்தவர்கள்.

அவளைப் பார்த்ததும் யாகுப் இயந்திரத்தை நிறுத்தினான். கேட்கிற காதைத் திருப்பினான்.

நெபாஹத் சுற்றி வளைக்கவில்லை. சந்தை ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வெதாத், பெரிய பையன்கள், குரல், ஸ்வெட்டர், படம். கடைசியில், "கூப்பிட்டது நீ இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

யாகுப் கையிலிருந்த சாவியின் பிசிறை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"கூப்பிட்டது நான் இல்லேன்னு என்கிட்ட வந்து சொல்றியா?" என்றான். "எனக்கு அது தெரியாதா? இது எனக்குச் செய்தியா நெபாஹத்? அன்னைக்கே எனக்குத் தெரியும். கோர்ட்டுல நின்னு கத்தினேனே. தலைகீழாத் தொங்கவிட்டப்பவும் அதைத்தான் கத்தினேன். இது உனக்குத்தான் செய்தி. எனக்கு என்னத்துக்குக் கொண்டுவந்த?"

நெபாஹத் கீறிய உள்ளங்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

"வெளியே வந்தேனே, அப்ப ரொட்டிக் கடையில எனக்கு ரொட்டி தர மாட்டேன்னான். எங்கம்மா ஜனாஸாவைத் தூக்க நாலு பேரு வரல. 'ஜெமிலைக் காட்டிக்கொடுத்தவன்'னு சொந்தக் கூட்டமே சொல்லுச்சு. வலது பக்கத்துக்காரன் என்னைச் சுட்டிருந்தா சுட்டுட்டுப் போயிருப்பான், அதோட முடிஞ்சிருக்கும். நீதான் என்னைக் கொன்னது." அவன் ஃபெரிஹா பக்கம் திரும்பினான். "டீச்சரம்மா, உனக்கு எப்போ தெரியும்?"

நெபாஹத் அவளுக்காகப் பதில் சொன்னாள். "ரெண்டு வருஷமா."

யாகுப் சிரித்தான். பல் இல்லாத அந்த ஓரத்தில் சிரிப்பு கோணிக்கொண்டது. "அடேயப்பா. போன மாசம்கூட இங்க உட்கார்ந்து, 'யாகுப் அண்ணே, அந்தக் குரல் யாரோடதா இருக்கும்னு நினைக்கிறீங்க'ன்னு கேட்டியே. என் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கவா? அதையும் படமாப் போட்டியா?"

போட்டிருந்தாள். முழுப் பக்கம், யாகுப்பின் முகம் மட்டும். கோராய்க்கு அது மிகப் பிடித்த பக்கம். கோராய் தரையைப் பார்த்தான்.

"போங்க" என்றான் யாகுப். "மூணு பேரும் போங்க. அவங்க என்னை உள்ளே வச்சு எழுதி வாங்கினாங்க. நீ வெளியே வச்சு டீ வாங்கிக் கொடுத்து எழுதி வாங்கின. போங்கன்னா போங்க, வியாபார நேரம்." இயந்திரத்தைப் போட்டான். அதன் கிறீச்சொலியில் அப்புறம் யார் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு எல்லாம் கோணலாகத்தான் போயிற்று. வெதாத் பல்கலைக்கழகத்துக்குப் புகார் கொடுத்தார். விசாரணைக் குழு முன்னால் ஃபெரிஹா உட்காரவைக்கப்பட்டாள். தகவல் சொன்னவரின் அடையாளத்தைக் காக்கத் தவறினாள் என்று எச்சரிக்கை கொடுத்தார்கள். குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், "சித்திரம் போடறதெல்லாம் நம்ம வேலையாம்மா?" என்று கேட்டார். யாகுப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளே அந்தப் பேச்சை எடுத்தபோது, அது குழுவின் வரம்புக்குள் வராது என்றார்கள்.

கோராய் ஒரு மாதம் போனையே எடுக்கவில்லை. எடுத்தபோது, "டீச்சர், என்னை வச்சுத்தானே காட்டிக்கொடுத்தீங்க, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவள் கத்தினாள். அவனும் கத்தினான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். பதிப்பகத்துக்குக் கொடுத்த கெடு நெருங்கியிருந்தது.

ஃபெரிஹா ஸ்வெட்டரை முழுக்கக் கறுப்பாக்கச் சொன்னாள். நிலாவையும் எடுத்தார்கள். அந்தக் கட்டம் இப்போது வெறும் இருட்டு, அதில் ஒரு குரல் மட்டும். யாகுப்பின் முகம் இருந்த பக்கத்தை அவளே கிழித்தாள். கோராய் தடுக்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு நெபாஹத் போன் செய்தாள். "அவனைக் காப்பாத்துறியா? நான் சந்தை முழுக்கச் சொல்லிட்டேன், தெரியுமா? ஒருத்தன் அவன்கிட்டக் கண்ணாடி வெட்டப் போறதில்ல. கடையை மூடிட்டு மகன் வீட்டுக்கு எஸ்கிஷெஹிருக்குப் போயிட்டான். நீ கறுப்பு அடிச்சா என்ன, வெள்ளை அடிச்சா என்ன?"

"நான் கொடுத்த வாக்குக்கா அது."

"உன் வாக்கைக் கொண்டுபோய் அடுப்புல போடு. இன்னொண்ணு கேளு. என்னையும் போடு. கோர்ட்டுல கூண்டுல ஏறி அவனைப் பார்த்துக் கையை நீட்டினேனே, அதைப் போடு. பேரை மாத்தாதே. என் பேர் நெபாஹத். குண்டா வேணும்னாலும் போட்டுக்கோ."

அந்தப் பக்கத்தைக் கோராய் மூன்று முறை வரைந்து கிழித்தான். கடைசியில் வந்ததில் நெபாஹத் இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக, கையை நீட்டி, தான் சொல்வது சத்தியம் என்று முழுசாக நம்பி நிற்கிறாள். பார்க்கிறவருக்கு அவள் மேல் கோபம்கூட வராது. அதுதான் ஃபெரிஹாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

யாகுப்பிடம் அனுமதி கேட்க அவள் நேரில் போகத் துணியவில்லை, கோராயை அனுப்பினாள். யாகுப் அவனை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு, "ரொட்டிக் கடையில எனக்கு ரொட்டி தரமாட்டேன்னானே, அதைப் போட்டா என் பேரைப் போட்டுக்கோ. வேற எதையும் போடாதே. அடி வாங்கறதை எல்லாம் போடாதே, பார்த்து ரசிப்பானுங்க. அந்த டீச்சரம்மா மட்டும் இங்க வரக் கூடாது" என்று சொல்லி அனுப்பினான். ஃபெரிஹா அதன்படியே செய்தாள். அதற்குப் பிறகு அந்தச் சந்தைப் பக்கம் போகவில்லை.

புத்தகம் வந்தது. இடதுசாரிகள், எங்களையும் அவர்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள் என்று ஏசினார்கள். வலதுசாரிகள், எங்களைக் கொலைகாரர்களாகக் காட்டிவிட்டாள் என்று ஏசினார்கள். அங்காராவில் வெளியீட்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மீசை மறுபடியும் தப்பு என்றார். மாணவர்கள் வாங்கினார்கள், நன்றாகவே வாங்கினார்கள். நெபாஹத் வரவில்லை, யாகுப்பும் வரவில்லை.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் ஒரு நாள் நெபாஹத்திடமிருந்து போன் வந்தது. நலம்கூட விசாரிக்கவில்லை.

"அரசு வக்கீல் ஆபீசுக்கு அஞ்சு தடவை போனேன்" என்றாள். "பழைய சாட்சியை மாத்தணும்னேன். கோப்பே இல்லங்கிறான், ராணுவ கோர்ட்டு இப்ப இல்லங்கிறான், உனக்குத்தான் கேஸ் வரும் பார்த்துக்கோங்கிறான். வரட்டும்னேன். கடைசியில எழுதி வாங்கிட்டான். அதுக்கு மேல என்ன ஆகும்னு எவனுக்கும் தெரியல."

"யாகுப் அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்ல? போனேன். நின்னேன். திரும்பிக்கூடப் பார்க்கல. சும்மா நிக்க முடியுமா, வீட்டுச் சாவியைக் கொடுத்து இன்னொண்ணு போட்டுக் கொடுன்னேன். போட்டான். அப்பதான் கோர்ட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்காத காது என் பக்கம் இருந்துச்சுன்னு நினைக்கிறேன். ஒண்ணும் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? வீட்டுக்கு வந்து பார்த்தா சாவி சேரல. பூட்டுக்குள்ளயே போகல. வேணும்னே பண்ணானா, கை தவறிச்சான்னு தெரியல. நாளைக்குத் திரும்பப் போகணும்."

ஃபெரிஹாவின் கை மேசையில் பேனாவைத் தேடிற்று.

"இதையும் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்காதே" என்றாள் நெபாஹத். போனை வைத்துவிட்டாள்.